புடைப்புக்குள் என்ன இருக்கிறது?

2025 பொங்கல் விழா முடிந்து, சாப்பாட்டு இலைகளை எடுத்துப் போட்டு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். மண்டப வாசலில் நம் சங்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் என்று நினைத்துக் கடந்து போகப் பார்த்தேன். கிரிக்கெட் இல்லை, கார். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2024-இல் வெளியிட்ட புதிய எம்5. "பன்றி மாதிரி இருக்கு" என்றது ஒரு கட்சி. "பார்க்கத் தெரியாதவன் பேசறான்" என்றது மறு கட்சி.

"மாமா, நீங்க முப்பது வருஷம் கார் தகட்டோட மல்லுக்கட்டினவரு. நீங்க சொல்லுங்க" என்று என்னை இழுத்து நடுவே நிறுத்தினான் ஒரு பையன். நண்பரின் மகன். பிளஸ் டூ படிக்கிறான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கணக்குக்குப் பதிலாகக் கார் வரைகிறவன். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். அவன் அப்பாவோ கணக்குத் துறையில் இருப்பவர். அன்று மாலை அவர் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னது இது: "நீங்களே சொல்லுங்க. அழகுங்கறது அவங்கவங்க கண்ணைப் பொறுத்தது. உங்களுக்குப் பிடிச்சது எனக்குப் பிடிக்காது. இதுக்குப் போய் நாலு வருஷம் ஒரு படிப்பா?"

கேள்வி நியாயமானது. பதில் எனக்கு உடனே வரவில்லை. கோவையில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு 1983-இல் புனே பக்கம் சிஞ்ச்வடுக்கு வந்தவன் நான். வேலை முழுவதும் பிரஸ் ஷாப்பில். மற்றவர்கள் தீர்மானித்த அழகை டை போட்டுத் தகட்டில் அடித்துக் கொடுத்தவன். அழகு எது என்று என்னை யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒரு மட்கார்டைக் கையால் தடவிப் பார்த்து, இது சரி, இது தள்ளுபடி என்று சொல்லியே காலம் கழிந்தது. அதற்குக் காரணம் கேட்டால் சொல்ல எனக்குத் தெரியும். ஆக, காரணம் சொல்ல முடிகிற அழகு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

"படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வண்டியை நேரில் பார்ப்போம்" என்றேன். கைப்பேசியில் வரும் கார்ப் படங்களில் பாதி, மூக்குக்கு மிக அருகே நின்று எடுத்தவை. அப்படி எடுத்தால் எவருடைய மூக்கும் பெரிதாகத்தான் தெரியும். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் தொப்பை வீங்கித் தெரிவது போலத்தான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக ஷோரூமுக்குப் போனோம். அப்பாவும் வந்தார், காபி நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில். விற்பனைப் பிரிவு இளைஞர் எங்கள் செருப்பைப் பார்த்தே நாங்கள் வாங்க வந்தவர்கள் அல்லர் என்று கண்டுகொண்டார். ஆனாலும் மரியாதையாகவே நடந்துகொண்டார். இந்தியாவில் இந்த வண்டி 2024 நவம்பரில் அறிமுகமானபோது அதன் விலை, ஷோரூம் கணக்கில், 1 கோடியே 99 லட்ச ரூபாய்.

முதலில் பையனைப் பதினைந்து அடி பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன். கிட்டே போனால் கண் பளபளப்பில் மயங்கிவிடும். எட்ட நின்றால்தான் உடம்பின் கட்டு தெரியும். "முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இன்னும் எத்தனை சக்கரத்தை நிறுத்தலாம், எண்ணு" என்றேன். விரலை நீட்டி அளந்தான். மூன்று. "தரையிலிருந்து கூரை வரைக்கும்?" இரண்டு.

கார் வரைகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொள்ளும் அளவு இது. நடுவில் மூன்று சக்கரம், உயரத்துக்கு இரண்டு சக்கரம். இது அமைந்துவிட்டால் வண்டி நிலத்தில் காலூன்றி நிற்பது போல் இருக்கும். சக்கரம் சிறுத்தால் செருப்பில்லாமல் கோட்டுப் போட்டவன் போலாகிவிடும். எம்5-இல் இரு அச்சுக்கும் இடையே 3,006 மில்லிமீட்டர். முன்னால் 20 அங்குல ரிம், பின்னால் 21 அங்குல ரிம். டயரோடு சேர்த்தால் ஒவ்வொன்றும் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றும் இரண்டும் ஏறக்குறைய அப்படியே வரும். கணக்குத் துறை நண்பர் போட்டுப் பார்த்தார். முதல் முறையாகக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

பக்கத்திலேயே சாதாரண 5 வரிசைக் கார் ஒன்றும் நின்றது. இங்கே நமக்கு, அதிலும் தமிழர்களுக்கு, ஒரு வேடிக்கை இருக்கிறது. 2024-இல் இந்தியாவுக்கு வந்த 5 வரிசை, நீளம் கூட்டப்பட்ட வகை. சென்னைக்குத் தெற்கே மறைமலை நகர்ப் பக்கம், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் பூட்டப்படுவது. பின்னால் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிற முதலாளிக்காகக் கால் நீட்ட இடம் கொடுத்தது. அச்சுக்கிடையே 3,105 மில்லிமீட்டர். எம்5 அப்படியல்ல. ஜெர்மனியின் டிங்கால்ஃபிங்கில் முழுதாகச் செய்யப்பட்டுக் கப்பலேறி வருவது. ஆகவே ஐரோப்பாவில் இரண்டையும் அருகருகே பார்ப்பவனுக்கு எம்5 பெரியதாகத் தெரியும். நமக்கோ அது குறுகி, திமிர் கூடி நிற்கும் தம்பியாகத் தெரிகிறது. சென்னை அண்ணனுக்குப் பின்கதவு நீளம். நடுவில் மூன்று சக்கரத்துக்கு மேலும் இடம் மிஞ்சுகிறது. இரண்டையும் ஒரே சட்டத்தால் தீர்ப்பது நியாயமாகாது.

அதன் பிறகுதான் கிட்டே போனோம். போன பிறகுதான் வண்டியின் உண்மையான பருமன் உறைத்தது. 5,096 மில்லிமீட்டர் நீளம், 1,970 மில்லிமீட்டர் அகலம். எட்ட நின்றபோது சக்கரத்தின் பெருமையில் எல்லாம் மறைந்திருந்தது. நம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்குவது எப்படி என்று நண்பர் கேட்டார். வடிவமைப்புப் பற்றி அன்று கேட்கப்பட்ட முதல் நல்ல கேள்வி அதுதான்.

பிரஸ் ஷாப்பில் புதிய டையிலிருந்து வந்த முதல் பேனலை எப்படிப் பார்ப்போம் தெரியுமா? தகட்டின் மேல் மெல்லிசாக எண்ணெய் தடவி, வரிசையாகக் கட்டிய ட்யூப் லைட்டுகளுக்குக் கீழே வைப்போம். பெயின்ட் அடிக்காத தகடு தன் குறையை மறைக்கும். எண்ணெய் தடவினால் கண்ணாடியாகிவிடும். ட்யூப் லைட்டின் பிம்பம் வளைவின் மேல் ஓடும்போது நீரோட்டம் போல ஓட வேண்டும். எங்காவது நெளிந்தால், தயங்கினால், அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. ஆயில் ஸ்டோனை எடுத்துத் தேய்த்தால் அந்த இடம் அகப்பட்டுவிடும். ஷோரூமில் கூரை முழுக்க விளக்கு. எண்ணெய்கூட வேண்டாம், பெயின்ட்டே போதும். பையனைப் பின்சக்கரத்தின் அருகே குந்த வைத்து, "விளக்கு எங்கே போகுதுன்னு மட்டும் பாரு, வண்டியைப் பார்க்காதே" என்றேன்.

இந்த வண்டியின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சாதாரண 5 வரிசையைவிட எம்5 முன்சக்கரப் பகுதியில் 75 மில்லிமீட்டரும், பின்சக்கரப் பகுதியில் 48 மில்லிமீட்டரும் அகலம் கூடியது. பக்கத்துக்கு என்று பிரித்தால் முன்னால் இரண்டு விரற்கடை, பின்னால் ஒரு விரற்கடைக்குச் சற்று மேல். கேட்கச் சொற்பமாக இருக்கும். முன் மட்கார்டை அகலமாக்குவது எளிது. அது போல்ட் போட்டு மாட்டுகிற தனிப் பேனல், கழற்றி வேறு மாட்டலாம். பின்பக்கம் அப்படியல்ல. பொதுவாக இத்தகைய கார்களில் பின்சக்கரத்தின் மேலுள்ள தகடு, கதவுச் சட்டம், கூரை விளிம்பு எல்லாம் ஒரே தகடாக அடிக்கப்பட்டு உடம்போடு வெல்டிங் செய்யப்படுகிறது. அதில் ஒரு விரற்கடை கூட்டுவதென்றால் தனி டை வேண்டும். ஒரு டைக்கு ஆகும் செலவு என்ன என்று தெரிந்தவன் அந்த ஒரு விரற்கடையை அலட்சியமாகச் சொல்ல மாட்டான்.

அப்படிச் செலவழித்துப் புடைக்க வைத்ததற்குள் என்ன இருக்கிறது? குந்தியிருந்த பையன் உள்ளே எட்டிப் பார்த்துப் படித்தான். முன்னால் 285 அகல டயர், பின்னால் 295. புடைப்பு முழுக்க ரப்பரால் நிரம்பியிருக்கிறது. விளக்கின் பிம்பமும் பின்கதவில் தொடங்கி, சக்கரத்தின் மேலேறி, டிக்கி ஓரத்தில் இறங்கும்வரை ஓரிடத்திலும் தடுக்கவில்லை. சில கம்பெனிகள் சாதாரண மட்கார்டின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் வளையத்தை ஒட்டிவிட்டுப் பலசாலி வேஷம் கட்டுகின்றன. இது வேஷமல்ல. தோள் அப்படியே பிறந்திருக்கிறது.

இவ்விடத்தில் பழங்கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பையன்கள் ஏன் சண்டை போட்டார்கள் என்பது புரியாது. முதல் எம்5 1985-இல் வந்தது. 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், 286 குதிரைச் சக்தி. எம்1 என்ற பந்தயக் குடும்பத்து வண்டியின் எஞ்சினிலிருந்து வந்த வித்து. அக்காலத்தில் அத்தனை வேகம் போகும் நாலு கதவுக் கார் அபூர்வம். ஆனால் பார்த்தால்? சாதாரண 5 வரிசைக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். டிக்கியில் சின்னதாக ஒரு எம்5 எழுத்து, அவ்வளவுதான். வேட்டி கட்டி, துண்டு போட்டு, ஓரமாக நிற்கும் சிலம்ப வாத்தியார் மாதிரி. அந்த அடக்கத்துக்காகவே அதை விரும்பியவர்கள் உலகெங்கும் உண்டு. 1998-இல் வந்த எம்5 400 குதிரைச் சக்தி கொண்டது. பின்னால் நான்கு சைலன்சர் குழாய்களைக் காட்டியதோடு சரி. இன்றும் அதுதான் எல்லாவற்றிலும் அழகு என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான், மறைக்கவில்லை.

ஆகவே புதிய வண்டியைப் பார்த்துப் பழைய பக்தர்கள் முகம் சுளிப்பது இயல்பு. வாத்தியார் துண்டை எறிந்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு தெருவில் நிற்பது போலிருக்கிறது. ஆனால் அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். 1985 வண்டியின் எடை சுமார் 1,400 கிலோ. இதன் எடை 2,435 கிலோ. வி8 எஞ்சின், அதோடு மின் மோட்டார், தரைக்கடியில் பேட்டரி, நாலு சக்கரத்துக்கும் இயக்கம். எல்லாம் சேர்ந்து 727 குதிரைச் சக்தி. பழைய வண்டியைவிட ஒரு டன் கூடுதல். அந்த டன்னை வளைவில் பிடித்து நிறுத்த அகன்ற டயர் வேண்டும். அகன்ற டயருக்கு அகன்ற மட்கார்டு வேண்டும். உடம்பு பெருத்ததால் சட்டை பெருத்தது. தையல்காரனைத் திட்டிப் பயனில்லை. இவ்வளவு எடை எதற்கு என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது வடிவமைத்தவனிடம் கேட்கும் கேள்வியல்ல, அவனுடைய முதலாளியிடம் கேட்கும் கேள்வி.

மூக்கின் உயரத்துக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. முதல் எம்5-இன் மூக்கு சுறாவைப் போல முன்னோக்கிச் சாய்ந்து, நான்கு வட்ட விளக்குகளோடு தாழ்வாக இருந்தது. அதை ஏன் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று பலர் கேட்கிறார்கள். நடந்து போகிறவன் மேல் கார் மோதினால் அவன் தலை பானெட்டில்தான் விழும். பானெட்டுக்கும் அடியிலுள்ள கெட்டியான எஞ்சினுக்கும் இடையே நசுங்க இடம் இருந்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு. ஐரோப்பாவில் 2003-இலிருந்து இதற்கென்றே சட்டங்கள் வந்தன. அதன் பிறகு எல்லாக் கம்பெனிக் கார்களின் மூக்கும் தூக்கிக்கொண்டது. சுறாவைக் கொன்றது ரசனைக் குறைவு மட்டுமல்ல.

இத்தனை வக்காலத்து வாங்கிய பிறகு, எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் கிட்னி என்று அழைக்கப்படும் இரட்டை கிரில். 1933-இல் வந்த 303 என்ற வண்டியிலிருந்து இந்தக் கம்பெனியின் முகமே அதுதான். சில ஆண்டுகளாக அது வீங்கிக்கொண்டே போகிறது. 2020-இல் வந்த எம்3-இல் முன்முகம் முழுவதையும் விழுங்கி, பற்களுக்கு நடுவே நீண்ட இரண்டு பல் போல் நின்றது. எம்5-இல் அந்த அளவுக்கு இல்லை. படுக்கைவாட்டில் அகன்று, சற்று நிதானமாகவே இருக்கிறது. கீழே மூன்றாகப் பிரிந்த பெரிய கறுப்பு வாய். இவ்வளவு பெரிய எஞ்சின் மூச்சுவிட வேண்டுமே, மன்னிக்கலாம். ஆனால் கிட்னியைச் சுற்றி இரவில் ஒளிரும் விளக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. காற்று போகாது, வழி தெரியாது, எதிரே வருபவனுக்கும் உதவாது. கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கு. இரண்டு கோடி ரூபாய் வண்டிக்குத் தன்னைக் கண்டுகொள்ள மாட்டார்களோ என்ற பயம் ஏன்?

இன்னொன்று. பின்கதவுக்கு அப்பால், ஜன்னல் ஓரம் கூரைத் தூணில் முன்னோக்கி மடங்கும் அந்தச் சிறு வளைவு. 1961 முதல் பி.எம்.டபிள்யூ.வின் கையெழுத்து அது; அப்போதைய வடிவமைப்புத் தலைவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அறுபது ஆண்டுகளாக எழுத்தில்லாமலேயே அந்த வளைவு, "நான் இன்னார்" என்று சொல்லிவந்தது. இப்போது அதே இடத்தில் எம்5 என்று பொறித்திருக்கிறார்கள். ஊரே அறிந்த முகத்துக்குக் கழுத்தில் அடையாள அட்டை.

பின்புறம் எனக்கு முழுத் திருப்தி. நான்கு குழாய்களும் நிஜக் குழாய்கள். கையை விட்டுப் பார்த்தேன். விற்பனை இளைஞர் கைக்குட்டை கொடுத்தார். பம்பரில் ஓட்டை போல் வரைந்துவிட்டு உள்ளே அடைத்து வைக்கும் பழக்கம் இன்று மலிந்து கிடக்கிறது. விலை உயர்ந்த கார்களிலும் பார்க்கிறேன். குழாயும் பொய், காற்றுவாயும் பொய். விரலை வைத்தால் பிளாஸ்டிக். இங்கே அந்த ஏமாற்று என் கையில் அகப்படவில்லை. பம்பரின் அடிப்பகுதியில் கறுப்பு கொஞ்சம் அதிகம் என்று பையன் சொன்னான். சரிதான். ஆனால் அந்தக் கறுப்பில்லாவிட்டால் இவ்வளவு உயரமான பின்புறம் சுவர் போல் நிற்கும். கீழ்ப்பகுதியைக் கறுப்பாக்கினால் கண் அதைக் கணக்கில் சேர்க்காது, உடம்பு மெலிந்து தெரியும். நம் வீட்டுப் பெண்கள் கறுப்புக் கரை புடவை எடுக்கும்போது சொல்லும் அதே கணக்கு. வெள்ளை வண்டியில் இந்தத் தந்திரம் வெளிச்சமாகிவிடும். அடர் நிறத்தில்தான் பலிக்கும். ஷோரூமில் நின்றது அடர் நிறம். தெரிந்துதான் நிறுத்தியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் பேச்சில்லை. நண்பருடைய பத்து வருடக் கார். சிக்னலில் நின்றபோது அவர் பக்கத்தில் நின்ற ஒரு வண்டியைக் காட்டி, "அந்த மட்கார்டு மேல கறுப்பா இருக்கே, அது ஒட்டினதுதானே?" என்று மகனிடம் கேட்டார். "ஒட்டினதுதாம்ப்பா" என்றான் அவன். "அப்ப அது ஏமாத்து" என்றார். "எல்லாம் அப்படி இல்லப்பா. கிராமத்து ரோட்டுல கல்லு அடிக்கற இடம் அது. பெயின்ட் போயிடக் கூடாதுன்னு சில வண்டியில வைப்பாங்க. எங்க ஓடற வண்டின்னு பார்த்துத்தான் சொல்லணும்." நான் வாயைத் திறக்கவில்லை. இதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவுமில்லை.

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, என் தீர்ப்பைக் கேட்டான். "உடம்பு நல்லாயிருக்கு. தோள் பிரமாதம். அந்த விளக்கை எடுத்துடணும். கிட்னியை இன்னும் ஒரு சுற்று சின்னதாக்கியிருந்தா நூத்துக்கு எண்பது போடுவேன். இப்ப எழுபது" என்றேன்.

விளக்கை எடுப்பதில் அவனுக்கும் சம்மதம். கிட்னியைச் சின்னதாக்குவதில் இல்லை. "சின்னதாக்கினா அந்த இடத்துல வெறும் தகடுதானே மாமா வரும்? இவ்வளவு உயர மூக்குல வெறும் தகடு வந்தா மொட்டையா இருக்காதா? அந்தத் தகட்டுக்குள்ள என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான்.